மூன்று பேர் போட்ட ஒன்பது மார்க்: புது போர்டு கேம்களை ரேங்க் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதத்தில் மதுரைக் கல்யாண மண்டபங்கள் காற்று வாங்கும். வாடகையும் இறங்கி வரும். அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் சிலர் சேர்ந்து அண்ணா நகர்ப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தைச் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குப் பிடித்து ஒரு போர்டு கேம் கூடுகை நடத்தினோம். பன்னிரண்டு மேசை, எழுபது பேர் சுமார், முப்பது புதுப் பெட்டிகள். பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் நண்பர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வாசலில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டினோம். ஆடி முடித்தவர்கள் பத்துக்கு எத்தனை மார்க் என்று அதில் எழுத வேண்டும். ஞாயிறு மாலை கூட்டிப் பார்த்து முதல் பத்து இடங்களை அறிவிப்பதாக ஏற்பாடு.

அறிவித்தோம். முதலிடம் வந்த ஆட்டத்தை அதற்கப்புறம் யாரும் தொடவே இல்லை. பதினோராவது இடத்தில் கிடந்த ஒன்றைத்தான் இன்றுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிக்கொண்டிருக்கிறோம். மார்க் போட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தப்பு எங்களுடையது. அந்த சார்ட் பேப்பரில் விழுந்தவை ஆட்டத்துக்கான மார்க் என்று நம்பிவிட்டோம். பாதி மார்க் மேசைக்கு விழுந்தது, மீதி பசிக்கும் தூக்கத்துக்கும் விழுந்தது.

முதல் தவறு கணக்கில். முதலிடம் வந்த ஆட்டத்தை ஆடியதே மூன்று பேர். மூவரும் கல்லூரிக் காலத்து நண்பர்கள், பல வருடம் கழித்து அன்றுதான் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மேசையில் வெறும் தாயக்கட்டையை உருட்டியிருந்தாலும் ஒன்பதுக்குக் குறையாது. இன்னொரு ஆட்டத்தை இருபது பேர் ஆடி, சராசரி எட்டு போட்டிருந்தார்கள். நேரடிச் சராசரி பார்த்தால் ஒன்பது மேலே, எட்டு கீழே. முடிந்தது கதை.

இந்தச் சிக்கல் பழையது. போர்டு கேம்களுக்கு மார்க் போடுவதற்கென்றே பலரும் போகும், 2000-இல் தொடங்கிய போர்டுகேம்கீக் இணையதளத்தில் ஒரு ஆட்டத்துக்குக் குறைந்தது 30 பேராவது மார்க் போட்டால்தான் அது தரவரிசைக்குள்ளேயே வரும். வந்த பிறகும் ஒவ்வொரு ஆட்டத்தின் கணக்கிலும் நடுத்தர மார்க்கோடு கொஞ்சம் போலி ஓட்டுகளைச் சேர்த்துத்தான் சராசரி எடுக்கிறார்கள். எழுபது பேர் கூடும் இடத்துக்கு 30 என்பது அதிகம், ஆனால் அந்த உத்தியை நாமும் எடுத்துக்கொள்ளலாம். எல்லா ஆட்டத்துக்கும் ஆளுக்கு ஆறு மார்க் போட்ட ஐந்து பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒன்பது போட்டது 27, கூடவே 30, மொத்தம் 57. எட்டால் வகுத்தால் 7.1. இருபது பேர் எட்டு போட்டது 160, கூடவே 30, மொத்தம் 190. இருபத்தைந்தால் வகுத்தால் 7.6. வரிசை தலைகீழாகிவிட்டது பாருங்கள். செல்போன் கால்குலேட்டர் போதும்.

அடுத்தது, நான் பெரிதாக நினைப்பது: ஒரே ஆட்டத்தில் தீர்ப்பு எழுதுவது.

இதை நமக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடுகள் கூடிநின்று புலியை நகரவிடாமல் அடைக்கும். முதல்முறை ஆடாக உட்கார்பவருக்கு ஐந்து நிமிடத்தில் அழுகை வரும், புலிக்காரருக்கு உலகமே கையில் இருக்கும். அதனால்தான் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு ஆட்டத்தோடு யாரும் எழுந்ததில்லை. புலியாக ஒன்று, ஆடாக ஒன்று, அப்புறம்தான் பேச்சே. காய் வைக்கத் தெரிந்த பாட்டி ஆடுகளை வைத்துக்கொண்டே மூன்று புலியையும் மூலையில் முடக்கியதைப் பார்த்த பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட ஆட்டம் என்று எனக்குப் பிடிபட்டது.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான், 2018-இல் வந்த ரூட் ஆட்டத்தை ஒரே முறை ஆடிவிட்டு ஐந்து போட்டேன். அதில் பூனைக்கு ஒரு விதி, பறவைக்கு ஒரு விதி, காட்டுவாசிகளுக்கு இன்னொரு விதி. நான் பறவைக் கூட்டத்தை எடுத்து, ஒவ்வொரு முறையும் சொன்னதைச் செய்ய முடியாமல் என் அரசாங்கத்தையே கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து மார்க் என் திறமைக்கு நானே போட்டது. ஆளுக்கொரு விதி உள்ள ஆட்டங்களில், இரண்டு பக்கமாவது உட்கார்ந்து பார்க்காமல் எண் போடாதீர்கள். நேரமில்லை என்றால் மார்க் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, எந்தப் பக்கம் ஆடினீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள்.

ஜெயித்தவர் மார்க்கும் அப்படித்தான். எங்கள் சார்ட்டைப் பிறகு ஆராய்ந்ததில் ஜெயித்தவர்களில் ஒருவர்கூட ஏழுக்குக் கீழே இறங்கவில்லை. “ஏண்டா மாப்ள, ஜெயிச்சா எட்டு, தோத்தா அஞ்சா?” என்று கேட்டால் சிரிக்கிறார்கள். இப்போதெல்லாம் மார்க்குக்குப் பக்கத்தில் ‘ஜெ’ அல்லது ‘தோ’ என்று ஒரு எழுத்து போடச் சொல்லிவிடுகிறோம். தோற்றும் எட்டு போட்ட ஆட்டம் எதுவோ, அதைத்தான் நான் முதலில் தேடிப் போவேன்.

விதியைத் தப்பாக ஆடிவிட்டு ஆட்டத்தைத் திட்டுவது இன்னொரு வழக்கம். அசூல் என்ற ஓடு அடுக்கும் ஆட்டம் தெரிந்திருக்கும், 2018-இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருது வாங்கியது. நூறு ஓடுகள், ஐந்து நிறம், நிறத்துக்கு இருபது. எடுத்த ஓடுகளை வரிசையில் அடுக்கி, நிரம்பிய வரிசையிலிருந்து ஒன்றை அவரவர் பலகையில் உள்ள சுவர்க் கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். நிரம்பாத வரிசை அடுத்த சுற்றுக்கும் அப்படியே இருக்கும். எங்கள் மேசையில் சொல்லிக் கொடுத்த தம்பி சுற்று முடிந்ததும் எல்லா வரிசையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஐந்து ஓடு வேண்டிய கடைசி வரிசையை யாராலும் முடிக்க முடியவில்லை. ஒரு அக்கா கடுப்பாகி நான்கு போட்டுவிட்டு எழுந்துபோனார். அவர் கோபம் நியாயமானது, ஆனால் அவர் ஆடியது அசூல் இல்லை.

கூட்டம் நிறைந்த இடத்தில் விதி என்பது வாய்வழிச் செய்தி. முதல் மேசையில் சொன்னது மூன்றாவது மேசைக்குப் போகும்போது வாலும் காதும் முளைத்திருக்கும். ‘இந்த விதி ஆட்டத்தையே கெடுக்கிறதே’ என்று மேசையில் எல்லோருக்கும் தோன்றினால், பத்தில் எட்டு தடவை விதி தப்பாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் விதிப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சொல்லிக் கொடுப்பவர் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். இன்னொன்று, சொல்லிக் கொடுக்க வருபவர் ராத்திரி அந்தப் பெட்டியைத் தனியாக ஒருமுறை விரித்து ஆடிப் பார்த்திருக்க வேண்டும். காணொளி பார்த்துவிட்டு வந்தேன் என்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

கூட்டு ஆட்டங்களில் வேறு ஒரு ஆபத்து உண்டு. பாண்டெமிக் என்ற ஆட்டத்தில் எல்லோரும் ஒரே அணி, உலகத்தில் பரவும் நான்கு நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் இந்த மாதிரி மேசைக்கு எப்போதும் ஒரு பஞ்சாயத்துத் தலைவர் வந்துவிடுவார். “நீ சென்னைக்குப் போ தம்பி, நீ அந்தக் கார்டை அவன்கிட்டக் குடு, நீ சும்மா இரு.” அவர் ஒன்பது போடுவார், மற்ற மூவரும் ஐந்து. சராசரி ஆறு. அந்த ஆறு யாருடைய அனுபவமும் இல்லை. ஒரே மேசையிலிருந்து மார்க்குகள் இப்படிப் பிளந்து வந்தால் கூட்டி வகுக்காமல் தனியாக எடுத்து வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பெட்டியின் மேல் ‘2–5 பேர்’ என்று இருந்தால் ஐந்து பேரும் உட்கார்ந்தாக வேண்டும் என்று நம் ஆட்களுக்கு ஒரு எண்ணம். யாரையும் விட்டுவிட்டு ஆட மனசு வராது, அது நல்ல குணம்தான். ஆனால் இரண்டு பேருக்கு முக்கால் மணி நேரத்தில் விறுவிறுவென்று முடியும் ஆட்டம், ஐந்து பேரோடு இரண்டரை மணி நேரம் இழுக்கும். தன் முறை வருவதற்குள் ஒருவர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எத்தனை பேர் ஆடினார்கள் என்பதையும் மார்க்கோடு எழுதுங்கள். ஒரே ஆட்டம் இருவருக்கு எட்டாகவும் ஐவருக்கு ஐந்தாகவும் இருப்பது சகஜம்.

அப்புறம் பேராசை. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் 1983 முதல் அக்டோபரில் நடக்கும் ஸ்பீல் கண்காட்சியில் ஒரே ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புது ஆட்டங்கள் வருகின்றன. அங்கே போகிறவர்களே எல்லாவற்றையும் தொட முடியாது என்று ஒப்புக்கொண்டு பட்டியலோடுதான் போகிறார்கள். நம்மூரில் முப்பது பெட்டியைப் பார்த்தவுடன் எல்லாவற்றையும் ஆடிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. நான் அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து இரவு பதினொன்று வரை ஒன்பது ஆட்டம் ஆடினேன். ஏழாவது ஆட்டத்தின் பெயர்கூட இப்போது நினைவில்லை, அதற்கு ஆறு போட்டிருக்கிறேன். புதிதாக நாளுக்கு நான்கு என்பது என் அளவு. கனமான ஆட்டத்தைக் காலையில் வையுங்கள். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நாற்பது பக்க விதிப்புத்தகத்தோடு உட்காருவது அந்த ஆட்டத்துக்குச் செய்யும் துரோகம்.

இருபது நிமிடச் சிரிப்பு ஆட்டத்தையும் மூன்று மணி நேர வியாபார ஆட்டத்தையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். நான் சொன்ன ஜெர்மன் விருதுக்காரர்களே 2001-இல் குழந்தைகள் ஆட்டத்துக்கும், 2011-இல் அனுபவசாலிகளுக்கான ஆட்டத்துக்கும் தனி விருது வைத்துவிட்டார்கள். நமக்கு இரண்டு சார்ட் பேப்பர் போதும்.

விற்பனைக்கு வராத, நம்மூர்ப் பிள்ளைகள் தாங்களே செய்து கொண்டுவரும் மாதிரி ஆட்டங்களுக்கு மார்க்கே போடக் கூடாது. வெள்ளைக் காகிதத்தில் பேனாவால் எழுதிய கார்டுகளை அச்சடித்த பளபளப்போடு ஒப்பிட்டு ஐந்து போட்டால் அந்தப் பிள்ளை அடுத்த வருடம் வராது. “இதை எடுத்துட்டு ஏலத்தை வை” என்று மாற்றுவழி சொல்லவும் அவசரப்படாதீர்கள். எந்த இடத்தில் சலித்தது, எங்கே விதி புரியவில்லை, எப்போது சிரித்தீர்கள், அவ்வளவு சொன்னால் போதும், சரிசெய்யும் வேலை அவர்களுடையது.

பத்துக்கு எத்தனை என்ற கேள்வியையே நாங்கள் இப்போது கொஞ்சம் மாற்றிவிட்டோம். ஏழு என்றால் ஒருவருக்குப் பரவாயில்லை, இன்னொருவருக்குப் பிரமாதம். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று வளர்ந்தவர்கள் நாம், ஐந்துக்குக் கீழே போடவே கை நடுங்கும். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி: நாளைக் காலை இதே ஆட்டத்துக்கு யாராவது கூப்பிட்டால் வருவீர்களா? எட்டு போட்டுவிட்டு ‘இல்லை’ என்று எழுதியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியம்.

முடிந்தால் ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். கையில் பணம் கொடுத்து வாங்கிய பெட்டிக்கு அன்றைக்கே பத்து போடுவார்கள், ஐயாயிரம் ரூபாய் கொடுத்தவர் வேறு என்ன செய்வார்? மாதம் கழித்து அந்தப் பத்து தானாக ஏழுக்கு இறங்கி வரும்.

ரேங்க்கோடு நேராகச் சம்பந்தம் இல்லாத, ஆனால் ரேங்க்கைக் கெடுக்கும் சில சில்லறை விஷயங்களும் உண்டு. மண்டபத்து ஃபேனுக்கும் கார்டுக்கும் ஆகாது. ஃபேனை நிறுத்தினால் மதுரையில் உட்கார முடியாது. மேசைகளை ஃபேனுக்கு நேர்கீழே போடாமல் ஓரமாகத் தள்ளிப் போடுங்கள், மேலே ஒரு கனமான துணி விரியுங்கள். ஜிகர்தண்டா தம்ளர் மேசைக்கு வரவே கூடாது. குளிர்ந்த தம்ளரின் அடியில் ஊறும் தண்ணீர் அட்டையை உப்ப வைத்துவிடும். சால்னா பட்ட விரலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாசலிலேயே சோப்பும் துண்டும் வைத்தோம்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் காய்களை எண்ணுங்கள். விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எத்தனை என்று பட்டியல் இருக்கும், இரண்டு நிமிட வேலை. நாங்கள் எண்ணாமல் மூடிய அந்த அசூல் பெட்டி கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது ஓடுகள் 99. மண்டபத்தைக் கூட்டிய அம்மா ஒரு நீல ஓட்டை எடுத்து ஜன்னல் மேல் வைத்திருந்தது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. கூரியரில் அனுப்பினோம்.