யூனிஃபார்ம் நிறத்தை போன் திரையில் தேர்ந்தெடுக்காதீர்கள்

பள்ளி யூனிஃபார்மை கேன்வா என்ற டிசைன் ஆப்பில் வரையும்போது நிறத்தை அதிலிருந்தே எடுக்காமல், பெங்களூரு சிக்பேட்டை துணிக்கடைகளில் பிடித்த துணிகளில் கால் மீட்டர் வெட்டி வாங்கி, பகலில் நிழலான இடத்தில் ஒரு ஸ்கேலோடு சேர்த்துப் படமெடுத்து, அந்தப் படத்தையே சட்டை வடிவத்துக்குள் நிரப்புங்கள். திரை தானே ஒளிரும், துணி வெளிச்சத்தை வாங்கித் திருப்பும். அதனால்தான் போனில் மெரூனாகத் தெரிந்தது தைத்து வந்ததும் செங்கல் நிறத்தில் நிற்கிறது. ஸ்கேல் எதற்கென்றால், அரை செ.மீ. கட்டமும் 2 செ.மீ. கட்டமும் ஸ்கேல் இல்லாத படத்தில் ஒன்றுபோல இருக்கும், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் உடம்பில் அப்படி இருக்காது.

இப்படி வரைந்ததில் எது வேண்டும் என்று கேட்கும் வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் 12 தேர்வுகள் வரை போடலாம், ஆனால் மூன்று போதும், வாக்குகள் சிதறாது. அப்புறம் அந்தத் துண்டுகளையும் வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். கழுத்தில் உரசிப் பார்த்து 'குத்துது மிஸ்' என்று ஒரு பிள்ளை சொன்னால் தயவுசெய்து கேளுங்கள், நாள் முழுக்க அதைப் போட்டிருக்கப் போவது அவர்கள்தான்.

மில்லின் ஷேட் கார்டில் (நிற மாதிரி அட்டையில்) உள்ள எண்ணைச் சொல்லியே துணி எடுக்கும் பள்ளிக்கு இந்த நிறச் சோதனை தேவையில்லை. புதிதாகச் சாயமேற்றச் சொல்கிறீர்கள் என்றாலும் இது உதவாது, சாயமேற்றிய மாதிரித் துண்டையே கேட்டு வாங்கிப் பாருங்கள்.