வால்வு சீட் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கோலாலம்பூர் செந்தூலில் உள்ள என் எஞ்சின் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். தொழிலுக்கு வந்து ஓராண்டு ஆகியிருக்கும். ஒரு கையில் அலுமினிய சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல்மூடி), மறு கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் எட்டுப் புதிய வால்வு சீட்டுகள், அதாவது வால்வு மூடும்போது உட்காரும் உலோக வளையங்கள். ஹெட்டில் உள்ள துளைகளில் இவற்றை இறுக்கமாக இறக்க வேண்டும்.

"அண்ணா, சீட் எல்லாம் வாங்கிவிட்டேன். இறக்கிக் கொடுத்தால் போதும்."

"துளை என்ன அளவு?"

"பழைய சீட்டை அளந்துதான் வாங்கினேன்."

இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் என் முதலாளியிடம் இதைத்தான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கரியைத் துடைப்பது, இன்டேக் (காற்று உள்ளே வரும்) சீட்டையும் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) சீட்டையும் மாற்றிப் போடாமல் இருப்பது போன்றவற்றை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய சீட்டை அளந்து புதியதை வாங்குவது

ஹெட்டிலிருந்து கழற்றிய சீட் தன் பழைய அளவில் இருப்பதில்லை. பெரும்பாலும் சீட்டின் உட்புறத்தில் வெல்டிங் கோடு ஒன்று ஓட்டித்தான் அதை வெளியே எடுக்கிறோம். வெல்டிங் ஆறும்போது சீட் சுருங்குகிறது. சுருங்குவதால்தான் கழன்றும் வருகிறது. அந்தச் சுருங்கிய வளையத்தை வெர்னியரில் அளந்துகொண்டு கடைக்குப் போனால், கையில் இருப்பது தவறான எண். துளையும் அப்படியே இருக்காது. பல ஆண்டுச் சூட்டில் அது நீள்வட்டமாகியிருக்கலாம், அரித்திருக்கலாம், பழைய சீட்டை எடுக்கும்போது கீறல் விழுந்திருக்கலாம்.

அன்று நான் செய்த வேலை ஓர் இஸ்வாரா (புரோட்டான் கார்) டாக்சிக்கு. பழைய சீட்டை அளந்தேன், அதே எண்ணுள்ள சீட்டுகளை வாங்கினேன். நான்கு தட்டில் ஒவ்வொன்றும் இறங்கிவிட்டது. வேலை எவ்வளவு சுலபமாக முடிந்தது என்று மகிழ்ந்தேன். அந்தச் சுலபமே எச்சரிக்கை என்று எனக்கு அப்போது தெரியவில்லை. போதாக்குறைக்கு, சீட்டைச் சுற்றி ஹெட்டில் பஞ்ச் எனும் கூர்முனை உளியால் புள்ளி புள்ளியாக அடித்து "பூட்டி" வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் அந்த வண்டி நின்றது. எக்ஸாஸ்ட் சீட் ஒன்று கழன்று விழுந்து, வால்வு சாய்ந்து தலை முறிந்து, பிஸ்டனில் ஓட்டை. ஓட்டுநர் நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டியவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். எஞ்சின் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அவர் இழந்த நாள்களை என்னால் திருப்பித் தர முடியவில்லை. இன்றும் யாராவது அந்தப் பஞ்ச் உளியை எடுத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

விழாத சீட்டுகளையும் எடுத்துவிட்டுத் துளைகளை அளந்து பார்த்தேன். ஒன்றில் சீட் துளையைவிட 0.04 மி.மீ. மட்டுமே பெரிதாக இருந்திருக்கிறது. இந்த வித்தியாசம்தான் சீட்டைத் துளையில் நிறுத்தும் பிடிப்பு. அது ஏன் போதாது என்பதை ஒவ்வொருவரும் ஒரு முறையாவது தாளில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 35 மி.மீ. துளை 150 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.12 மி.மீ. அகலும், அதே சூட்டில் இரும்பு சீட் 0.06 மி.மீ. மட்டுமே விரியும். குளிர்ந்திருக்கும்போது உள்ள பிடிப்பில் 0.06 மி.மீ. போய்விடுகிறது என்று பொருள். ஓடும் எஞ்சினில் சீட் ஹெட்டைவிடச் சூடாக இருப்பதால் கொஞ்சம் ஈடாகும்தான். ஆனால் தண்ணீர் குறைந்து ஒரு முறை எஞ்சின் கொதித்துவிட்டால், இறுகி நசுங்கிய சீட் ஆறும்போது முன்பைவிடச் சிறியதாகிவிடும். அதற்கும் சேர்த்துத்தான் பிடிப்பு வைக்க வேண்டும். இந்த அளவுள்ள சீட்டுக்கு, அலுமினிய ஹெட்டில் 0.13 மி.மீ. அளவில் வைக்கிறேன். சீட் தயாரிப்பாளர் தாள் கொடுத்திருந்தால் அதில் உள்ள எண்தான் முடிவு.

ஆகவே வரிசை இதுதான்: பழைய சீட்டை எடுங்கள். துளையைச் சுத்தம் செய்து, போர் கேஜ் (துளையின் உள்விட்டத்தை அளக்கும் கருவி) கொண்டு மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். வட்டம் கெட்டிருந்தால் ஓவர்சைஸ் (வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிய) சீட்டைக் கையில் வாங்கி, அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பத் துளையைக் கடையுங்கள். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பிக் கடையாதீர்கள். பசை ஊற்றிச் சீட்டை நிறுத்தலாம் என்று சொல்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள்.

கடினமாக இருந்தால் போதும் என்று நினைப்பது

"ஸ்டெல்லைட் போடுங்கள், வாழ்நாள் முழுக்கத் தேயாது" என்று கேட்டு வருகிறார்கள். ஸ்டெல்லைட் என்பது மிகக் கடினமான கோபால்ட் கலப்புலோகம். சீட்டும் வால்வும் ஜோடி. சாதாரண வால்வோடு மிகக் கடினமான சீட்டைச் சேர்த்தால், தேய்மானம் சீட்டிலிருந்து வால்வுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். தினசரி ஓடும் பெட்ரோல் வண்டிக்கு, உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த சீட் நன்றாக உழைக்கும். கடைவதற்கும் இணக்கமானது.

இயற்கை எரிவாயுவில் ஓடிய டாக்சிகளின் கதை வேறு. எரிவாயு உலர்ந்தது, பெட்ரோலைப் போல வால்வு முகத்தை நனைப்பதில்லை. சாதாரண இரும்பு சீட் அதில் வேகமாகக் குழிந்துபோகும். 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு பெட்ரோனாஸ் நிலையங்களில் அந்த எரிவாயு விற்பனை நின்றது. ஆனால் அதில் ஓடித் தேய்ந்த ஹெட்டுகள் பழைய எஞ்சின் கடைகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சீட் குழியக் குழிய வால்வு மேலேறி, டாப்பெட் இடைவெளி (வால்வின் முனைக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடம்) குறைகிறது. சத்தம் குறைந்ததால் எஞ்சின் நன்றாக இருப்பதாகத் தோன்றும். இடைவெளி முழுவதும் தீர்ந்ததும் வால்வு மூடாமல் கருகும்.

கைடைப் பார்க்காமல் சீட்டைக் கடைவது

கைடு என்பது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய். கடைசல் கருவி அதைப் பிடித்துத்தான் சுற்றுகிறது. கைடு ஆடினால் சீட்டும் கோணும்.

பெரிய வால்வு ஆசை

யமஹா எல்சி135 மோட்டார் சைக்கிளின் ஹெட்டைக் கொண்டுவந்து, போடக்கூடிய மிகப் பெரிய வால்வைப் போடச் சொல்லும் இளைஞர்கள் வாரத்துக்கு இருவராவது வருகிறார்கள். வேகத்தின் மீதுள்ள ஆசை புரிகிறது. ஆனால் பெரிய வால்வுக்குப் பெரிய சீட், பெரிய சீட்டுக்குப் பெரிய துளை. நான்கு வால்வுள்ள சிறிய ஹெட்டில், இரண்டு சீட்டுகளுக்கு நடுவே உள்ள அலுமினியம் ஏற்கனவே மெல்லியது. அதையும் குறைத்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். துளையை ஆழமாக்கினால் தண்ணீர் ஓடும் வழி பக்கத்திலேயே இருக்கிறது. சீட்டின் வெளிவிட்டத்தையும் உயரத்தையும் ஹெட்டில் கோடு கீறிப் பார்க்காமல் நான் ஒப்புக்கொள்வதில்லை.

தொடுமுகத்தை மெல்லியதாக்குவது

வால்வும் சீட்டும் ஒன்றையொன்று தொடும் வளையப் பட்டைதான் தொடுமுகம். எக்ஸாஸ்ட் வால்வின் சூட்டில் பெரும்பகுதி சீட் வழியாகத்தான் இறங்குகிறது. அந்தப் பட்டையை அளவுக்கு மீறிக் குறைக்காதீர்கள்.

சுத்தியலால் இறக்குவது

ஓரம் மழுக்காத சீட்டைக் குளிர்ந்த ஹெட்டில் அடித்தால், அது அலுமினியத்தைச் சுரண்டிக்கொண்டே இறங்கும். சுரண்டிய துகள் அடியில் தங்கினால் சீட் துளையின் அடித்தளத்தில் உட்காராது, சூடும் இறங்காது. ஹெட்டை அடுப்பில் 120 முதல் 150 டிகிரி வரை சூடாக்கி, சீட்டை முதல் நாள் இரவே உறைபெட்டியில் வையுங்கள். அப்படிச் செய்தால் கைடில் நுழையும் கம்பியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும். அடிவரை போய்விட்டதைச் சத்தமே சொல்லும்.

தம்பியின் ஹெட்டை இருவருமாக அளந்தோம். எட்டில் மூன்று துளைகள் நீள்வட்டம். வாங்கிய சீட்டுகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓவர்சைஸ் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் அவரே மைக்ரோமீட்டரில் அளந்து, பையின் மேல் பேனாவால் எண் எழுதியிருக்கிறார். இப்போது அவை உறைபெட்டியில் இருக்கின்றன. நாளைக் காலை அடுப்பை மூட்டுகிறோம்.