ஒரே குவாலில (வாணலில) தட்டப்பயறு லெமாக், தண்ணி கட் அன்னிக்கும் சமைக்கலாம்

எங்க ஊரு மலேசியால சிலாங்கூர்ல இருக்கற பெஸ்தாரி ஜெயா, பழைய ஆளுங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை தான். சுத்தி எந்தப் பக்கம் பாத்தாலும் செம்பனை, அந்த செம்பனைக் கொலைய மில்லுக்கு ஏத்திட்டுப் போற லோரி ஓட்டறேன் நான், வீட்டுக்காரம்மா பேக்டரில ஒரு வாரம் பகல் ஒரு வாரம் நைட் ஷிப்ட்டு. நைட் ஷிப்ட் வாரம்னா அடுப்பு என் பொறுப்பு. அதுலயும் புரட்டாசி மாசம் மாட்டிக்கிச்சுன்னா முட்டை கூட வீட்டுக்குள்ள வராது, பிள்ளைங்க ரெண்டும் சாம்பார பாத்தாலே மூஞ்சிய தூக்கி வச்சிக்கும், தெனமும் சீனக்கடை சைவ மீ (நூடுல்ஸ்) தாப்பாவ் (பார்சல்) பண்ணா சம்பளம் தாங்காது. அப்பிடி கத்துக்கிட்டது தான் இந்த தட்டப்பயறு தேங்காப்பால் கறி.

ஏன் ஒரே குவாலினு கேட்டா, தண்ணி கட். சிலாங்கூர் ஆத்துத் தண்ணிய சுத்தம் பண்ற பெரிய ஆலைங்க எங்க ஊர்ப்பக்கம் தான் இருக்கு, ஆனா மேல எவனாச்சும் ஆத்துல நாத்தம் புடிச்சத கொட்டிட்டான்னா ஆலைய மூடிருவாங்க, ஆலைக்குப் பக்கத்துல இருக்கற எங்க கொழாய்லயும் காத்து தான் வரும். அந்த நாள்ல குக்கர், ப்ளெண்டர், தாளிக்கற கரண்டினு ஒவ்வொண்ணா எடுத்தா அப்புறம் எத வச்சு கழுவறது. அதனால ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே குவாலி, ஒரே கரண்டி, ஒரு கத்தி, அவ்ளோதான் லா.

இது புதுசா நான் கண்டுபுடிச்சதுன்னு சொல்ல மாட்டேன். மலாய்க்காரங்க மாசாக் லெமாக்னு மஞ்சளும் சில்லி பாடின்ற குட்டி கார மெளகாயும் போட்டு தேங்காப்பால்ல செய்வாங்கல்ல, அது ஒரு பாதி. இன்னொரு பாதி மலையாளிங்க ஓலன், அவங்க சாம்பல் பூசணியும் பயறும் போட்டு தேங்காப்பால் ஊத்தி மெளகாத்தூளே இல்லாம வெள்ளையா செய்வாங்க, தோட்டத்துல எங்க லயத்துக்கு எதிர்ல இருந்த மலையாளி ஆன்ட்டி வீட்ல சின்ன வயசுல சாப்ட்டது. ரெண்டையும் ஒரே சட்டில போட்டா அதான் இது.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிர்றேன். கெட்டியா வழவழனு க்ரீமா வர்றதுக்கு நெறைய பேரு சந்தான (தேங்காப்பால) அள்ளி அள்ளி ஊத்துவாங்க, இல்லன்னா குக்கிங் க்ரீம் டப்பா வாங்குவாங்க, ரெண்டும் தேவையில்ல. க்ரீம் பயறுக்குள்ளயே இருக்கு. நல்லா வெந்த பயற கொஞ்சம் மசிச்சு விட்டா அதோட மாவுச்சத்து அந்த வெந்த தண்ணில கலந்து தானா கெட்டியாகும், சந்தான் வாசத்துக்கும் கொழுப்புக்கும் தான். பயறு சரியா வேகலன்னா ரெண்டு டப்பா க்ரீம் ஊத்துனாலும் தண்ணி ஒரு பக்கம் பயறு ஒரு பக்கம்னு தான் நிக்கும்.

அஞ்சு பேருக்கு அளவு சொல்றேன். தட்டப்பயறு ஒரு பால் டின் நெறைய, அதாவது கண்டென்ஸ்டு மில்க் டின், எங்கம்மா அரிசி அளக்கறதும் அதுல தான், கிட்டத்தட்ட 300 கிராம் வரும். கடையில கேக்கத் தெரியலன்னா காச்சாங் மாத்தா ஹித்தாம்னு கேளுங்க, வெள்ளையா நடுவுல கறுப்பு கண்ணு இருக்கும். மஞ்ச பூசணி 250 கிராம், லாபுனு சொன்னா தவ்கே (கடைக்காரர்) வெட்டிக் குடுப்பாரு. சின்ன வெங்காயம் ஒரு பத்து பன்னெண்டு, பூண்டு அஞ்சு பல்லு, செராய் (எலுமிச்சைப் புல்) ரெண்டு தண்டு, சில்லி பாடி நாலு (பிள்ளைங்க சாப்பிடணும்னா ரெண்டு, கீறாம முழுசா போடுங்க), பச்சை மஞ்சள் ஒரு துண்டு, இல்லன்னா மஞ்சத்தூள் அரை டீஸ்பூன். கடுகு, கருவேப்பிலை, எண்ணெ ரெண்டு மேசைக்கரண்டி. சந்தான் 200 மில்லி பாக்கெட் ஒண்ணு. முருங்கைக்கீரை உருவுனது ரெண்டு கைப்பிடி, எங்க வீட்டுப் பின்னால மரம் இருக்கு, இல்லாதவங்க பாயாம் கீரை போடுங்க. அசாம் கெப்பிங் ஒரு துண்டு, அந்த காஞ்ச புளிச்ச சில்லு, இல்லன்னா எலுமிச்ச அரை மூடி. உப்பு.

பயற காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே ஊற வச்சிருங்க. அம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன காலத்துல விடியுமுன்ன பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போறப்பவே பயற மங்குல (கிண்ணத்துல) போட்டு தண்ணி ஊத்தி மூடி வச்சிட்டு தான் போவாங்களாம், மத்தியானம் வந்ததும் அடுப்புல ஏத்திருவாங்க. நான் அதுல ஒண்ணு சேத்துக்கிட்டேன், ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு ஊற வைப்பேன், தோலு மெதுவாகி வெடிக்காம வேகும். உப்பு போட்டா பயறு வேகாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அம்மாவும் சொன்னாங்க, பக்கத்து பக்கத்துல ரெண்டு மங்குல ஊற வச்சு வேக வச்சு காமிச்சேன், உப்புத் தண்ணில ஊறுனது தான் நல்லா வெந்துச்சு. ஊறுன தண்ணிய கீழ ஊத்திருங்க, வயித்துல கேஸ் புடிக்கறதுக்கு காரணமான சக்கரைச் சத்து கொஞ்சம் அதுலயே போயிரும். தண்ணி கட் நாள்னா அந்தத் தண்ணிய கக்கூஸுக்கு ஊத்துங்க, வீணாக்காதீங்க. ஊற வைக்க மறந்துட்டீங்களா, தட்டப்பயறுல அது ஒரு வசதி, ஊறாமலே ஒரு மணி நேரத்துல வெந்துரும், கேஸ் தான் கூட செலவு.

சரி, அடுப்பு. அகலமா ஆழமா இருக்கற குவாலி எடுத்துக்கோங்க, மூடி இருக்கணும். எண்ணெ காஞ்சதும் கடுகு, அது பொரிஞ்சதும் கருவேப்பிலை, அப்புறம் நறுக்குன வெங்காயம், தட்டுன பூண்டு, செராய் தண்ட கத்தியோட பின்பக்கத்தால நல்லா நசுக்கி முடிச்சுப் போட்டு உள்ள போடுங்க, மஞ்சளயும் நசுக்கிப் போடுங்க. வெங்காயம் லேசா செவந்து செராய் வாசம் வாசல் வரைக்கும் வரணும், அது வரைக்கும் பொறுமையா கிண்டுங்க, இந்த அஞ்சு நிமிஷத்துல அவசரப்பட்டா பின்னால எத ஊத்துனாலும் ருசி ஏறாது.

இப்போ பயற கொட்டி, பயறுக்கு மேல ரெண்டு விரக்கடை நிக்கற மாதிரி தண்ணி ஊத்தி, கொதி வந்ததும் தீய கொறச்சு மூடி போட்ருங்க. ஊறுன பயறுக்கு அரை மணி நேரம், சிலதுக்கு நாப்பது நிமிஷம். இந்த நேரத்துல நான் போய் குளிச்சிட்டு, தண்ணி இருந்தா தான் அதுவும், பெரியவனுக்கு கணக்கு சொல்லிக் குடுத்துட்டு நடுவுல ஒரு தடவ வந்து பாப்பேன். தண்ணி வத்திருந்தா சுடுதண்ணி ஊத்துங்க. ஒரு பயற எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவுல வச்சு அழுத்துனா பல்லு படாமலே நசுங்கணும், அது தான் பதம். பல்லுக்கு வேலை இருக்குன்னா இன்னும் வேகல, அடுத்த படிக்குப் போகாதீங்க.

இந்த எடத்துல தான் நான் முதல் தடவ கோட்டை விட்டது. புளிப்ப முன்னாடியே போட்டா நல்லா ஊறும்னு நெனச்சு அசாம் கெப்பிங்க பயறோட சேத்தே போட்டுட்டேன். ஒரு மணி நேரம் ஆச்சு, ஒண்ணரை மணி நேரம் ஆச்சு, பயறு கல்லு மாதிரி அப்பிடியே கெடக்கு, ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு பிள்ளைங்க மேகி சாப்ட்டுப் படுத்துருச்சுங்க. அம்மா ரூம்லேர்ந்து வந்து ஒரு பயற எடுத்து நசுக்கிப் பாத்துட்டு, "ஏன்டா தம்பி, புளிய முதல்லயே போட்டியா? புளி போட்டா பயறு முறைச்சுக்கும்டா"ன்னாங்க. அப்புறம் தேடிப் படிச்சா அதான் நெசம், பயறோட தோலுலயும் சதைலயும் இருக்கற பெக்டின்னு ஒரு பசை கரைஞ்சா தான் பயறு மெதுவாகும், புளிப்பு அத கரைய விடாது. தக்காளியும் அப்பிடித்தான். புளிப்பு எதுவா இருந்தாலும் கடைசில தான்.

புளியே போடாம வேகலன்னா பயறு பழசுன்னு அர்த்தம். நம்ம ஊரு சூட்டுக்கும் ஈரத்துக்கும் மாசக்கணக்கா கடையில கெடந்த பயறு எவ்ளோ ஊற வச்சாலும் வேகாது, அதனால பாக்கெட்ல தேதி பாத்து வாங்குங்க, சாக்குல அள்ளிக் குடுக்கறதுன்னா எந்தக் கடையில சரக்கு வேகமா போகுதோ அங்க வாங்குங்க. ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டா கொஞ்சம் எறங்கி வரும், கூடப் போட்டா சோப்பு ருசி வந்துரும்.

பயறு வெந்ததும் பூசணிய கட்டை விரல் அளவு துண்டா உள்ள போட்டு, சில்லி பாடியும் உப்பும் போட்டு, மறுபடி பத்து பன்னெண்டு நிமிஷம். அப்புறம் கரண்டியோட பின்பக்கத்தால குவாலி ஓரத்துல வச்சு பயற மசிங்க, நாலுல ஒரு பங்கு போதும், பூசணியும் ரெண்டு மூணு துண்டு அதுலயே நசுங்கட்டும். எல்லாத்தயும் மசிச்சுட்டா அது பருப்பாயிரும், கறின்னு சொல்ல முடியாது. ரெண்டு நிமிஷம் கிண்டிப் பாருங்க, தண்ணியா இருந்தது பாயசம் மாதிரி கரண்டில ஒட்டி வழியும், இன்னும் ஒரு சொட்டு சந்தான் கூட ஊத்தல. மசிச்சதுக்கப்புறம் மட்டும் அடுப்ப விட்டு நகராதீங்க, மாவு எறங்கி அடி புடிச்சுரும், கருகுன வாசம் வந்துச்சுன்னா கிண்டாம மேலாக்க அள்ளிக்கறத தவிர வேற வழியில்ல, அப்ப ரெண்டாவது சட்டி தேவைப்படும், நம்ம திட்டமே போச்சு.

தீய நல்லா கொறச்சிட்டு சந்தான் பாக்கெட்ல பாதிய ஒரு மங்கு தண்ணில கலந்து ஊத்துங்க, அது ரெண்டாம் பால் மாதிரி. ஓரத்துல மட்டும் குமிழி வரணும், தளதளன்னு கொதிக்க விடக்கூடாது. தேங்காப்பால்ல கொழுப்பு சின்னச் சின்ன துளியா நிக்கறதுக்கு அதுல இருக்கற புரதம் தான் காரணம், பெரிய தீயில புரதம் திரிஞ்சு போய் எண்ணெ தனியா மெதக்கும். ரெண்டாங்னு சொல்ற சுண்டக் காய்ச்சுன மலாய்க் கறிக்கு அப்பிடி எண்ணெ பிரியணும், இதுக்குப் பிரியக்கூடாது. மூடியும் போடாதீங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கீரைய தூவி, கூடவே அசாம் கெப்பிங், இன்னொரு மூணு நாலு நிமிஷம், கடைசியா மிச்ச சந்தான கெட்டியா அப்பிடியே ஊத்தி ஒரு கிண்டு கிண்டி அடுப்ப அணைச்சிருங்க. எலுமிச்சன்னா அணைச்சு கொஞ்சம் ஆறுனப்புறம் புழியுங்க.

பசார்ல தேங்கா திருவி மெஷின்ல புழிஞ்சு குடுக்கற பால் கெடைச்சா அதுக்கு ஈடே இல்ல, ஆனா காலைல வாங்கி லோரில வச்சிட்டு சாயங்காலம் வீட்டுக்கு கொண்டு வந்தா புளிச்சுப் போயிருக்கும், எனக்கு நடந்துச்சு. வாங்குனதும் ஃப்ரிட்ஜுல வைக்க முடியும்னா வாங்குங்க, இல்லன்னா பாக்கெட்டே மேல்.

தட்டப்பயறுக்கு பதிலா வேற போடலாமான்னு அண்ணன் கேட்டாரு. மொச்சை போடலாம், கொண்டைக்கடலை போடலாம், ஆனா கடலை நேரம் கூட எடுக்கும், மசியறதும் கம்மி. சிவப்பு கிட்னி பீன்ஸ் போடறவங்க மட்டும் கவனமா கேளுங்க. அதுல இயற்கையாவே ஒரு நஞ்சு இருக்கு, பச்சையா நாலஞ்சு பயறு சாப்ட்டாலே போதும், ஒண்ணுலேர்ந்து மூணு மணி நேரத்துல வாந்தி பேதி புடிச்சுக்கும். அஞ்சு மணி நேரமாச்சும் ஊற வச்சு, அந்தத் தண்ணிய கொட்டிட்டு, புதுத் தண்ணில அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்க வைக்கணும், அந்தத் தண்ணியயும் கொட்டிட்டு தான் சமையல ஆரம்பிக்கணும். ஸ்லோ குக்கர்ல ஊறுனத நேரா போட்டு விடற வேலையே வேணாம், அந்த மெல்லிய சூடு நஞ்ச கொல்லாது, இன்னும் ஏத்தி விட்டாலும் விடும். டின்ல வர்றது ஏற்கனவே வெந்தது, பயமில்ல. டின்னுன்னா ரெண்டு டின் வடிச்சு அலசிட்டு, வெங்காயம் வதங்குனதும் பூசணியோட சேத்து ஒண்ணரை மங்கு தண்ணி ஊத்துனா போதும், மொத்தமே அரை மணி நேரத்துல முடிஞ்சுரும். தக்காளி சாஸ்ல வர்ற பேக்ட் பீன்ஸ் டின்ன மட்டும் தொடாதீங்க, இனிச்சுக் கெடக்கும்.

சுடுசோத்துல குழிச்சு ஊத்தி ஒரு அப்பளம் நொறுக்கிப் போட்டா எனக்கு வேற எதுவும் வேணாம். சின்னவளுக்கு ரொட்டி பெங்காலிய தடியா வெட்டி தொட்டுக்கணும். பயறுல கொறையற புரதச் சத்து சோத்துலயும் ரொட்டிலயும் இருக்கு, அதுல கொறையறது பயறுல இருக்கு, அதனால சைவ மாசத்துல ஒடம்புக்கு என்னாகுமோன்னு அம்மா கவலைப்பட்டா இத சொல்லித்தான் வாய அடைப்பேன்.

மிச்சம் இருந்தா ஆறுனதும் ஃப்ரிட்ஜுல வச்சிருங்க, ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய விடாதீங்க, தேங்காப்பால் நம்ம ஊரு சூட்டுல நிக்காது. மறுநாள் கட்டியா உறைஞ்சு போயிருக்கும், கொஞ்சம் தண்ணி விட்டு சின்னத் தீயில கலக்கி சூடு பண்ணா தோசைக்கு நல்லாருக்கும், நைட் ஷிப்ட் முடிச்சு காலைல வர்ற வீட்டுக்காரம்மா சூடு பண்ணக் கூட பொறுக்காம குவாலியோட உக்காந்துருவாங்க. குவாலி அடில ஒட்டிருந்தா தேய்க்காதீங்க, ஒரு மங்கு சுடுதண்ணி ஊத்தி பத்து நிமிஷம் மூடி வச்சா தானா ஊறி எழும்பிரும், அப்புறம் இன்னொரு மங்கு தண்ணில கழுவி முடிச்சிரலாம்.