புது கம்ப்யூட்டரில் படம் வரவில்லையா? கிராபிக்ஸ் கார்டைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். கல்லூரி முதலாம் ஆண்டு. சேர்த்து வைத்த பணத்தில், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து, தரையில் பாய் விரித்து, தானே கம்ப்யூட்டர் பூட்டினான். சுவிட்சைப் போட்டால் விசிறிகள் சுற்றுகின்றன, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான். "அண்ணா, கார்டு போச்சுன்னு நினைக்கிறேன். கடையில திருப்பி எடுத்துப்பாங்களா?" குரல் அடைத்திருந்தது.

கார்டு, அதாவது மானிட்டருக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு, நன்றாகத்தான் இருந்தது. என்ன ஆனது என்று கீழே சொல்கிறேன். அவனோடு உட்கார்ந்து பார்த்த அதே வரிசையில் எழுதுகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் கோளாறு எதில் இருந்தது என்று கடைசி வரை தெரியாது.

1. முதலில் எர்த்

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், பெரிய துளைக்குப் பின்னால் எர்த் வயர் இருக்காது. கேபினட்டின் வெறும் இரும்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறினால் அதுதான் அடையாளம். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கசியும் கொஞ்ச மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேபினட்டிலேயே நிற்கிறது. "லேசாத்தானே அடிக்குது" என்று விடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுக்கச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து கார்டு வாங்கியவருக்கு இது முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும்.

2. மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது?

கேபினட்டின் பின்புறம் இரண்டு இடத்தில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும். மேலே மதர்போர்டுடையது (எல்லாப் பாகங்களையும் மாட்டும் பெரிய பலகை), கீழே கார்டுடையது. கேபிள் கார்டில் இருக்க வேண்டும். இன்டெல் பிராசசரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதில் படம் காட்டும் பகுதியே கிடையாது. ரைசன் 5 5600-உம் அப்படித்தான். அவற்றோடு மதர்போர்டு துளையில் சொருகினால் எத்தனை நேரம் ஆனாலும் படம் வராது.

வீட்டில் இருக்கும் பழைய வி.ஜி.ஏ. மானிட்டரையே வைத்திருக்கிறீர்களா? புது கார்டுகளில் வி.ஜி.ஏ. கிடையாது. நடுவில் போட்ட கன்வர்ட்டர்மேல்தான் முதலில் சந்தேகப்படுங்கள். பக்கத்து வீட்டு டி.வி.யில் நேராக எச்.டி.எம்.ஐ. போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

3. கொஞ்சம் காத்திருங்கள்

டி.டி.ஆர். 5 வகை ராம் (தற்காலிக நினைவகம்) போட்ட மெஷின் முதல் தடவை ஆன் ஆகும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பதறி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

4. மதர்போர்டின் குட்டி விளக்குகள்

பல போர்டுகளில் ஓரமாக நான்கு சிறு விளக்குகள் இருக்கும். பக்கத்தில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் மெஷின் மாட்டிக்கொண்டிருக்கிறது. டிராம் விளக்கு நின்றால் கார்டை விட்டுவிட்டு ராமைக் கழற்றி மாட்டுங்கள். தம்பியின் போர்டில் வி.ஜி.ஏ. விளக்கு, அதாவது கிராபிக்ஸ் கார்டுக்கானது, எரிந்துகொண்டிருந்தது.

5. கழற்றி மறுபடி மாட்டுவது

அவனிடம் கேட்டேன், சரியாக உட்கார்ந்ததா என்று. "டக்குனு சத்தம் வந்துதுண்ணா." சத்தம் வந்தது உண்மைதான். மதர்போர்டில் கார்டைச் சொருகும் நீளப் பள்ளமான ஸ்லாட்டின் உள்முனையில் இருக்கும் கொக்கி பூட்டிய சத்தம் அது. போன் டார்ச்சை அடித்து, கண்ணை ஸ்லாட் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன். உள்முனையில் ஒன்றும் தெரியவில்லை. கேபினட் சுவர்ப் பக்கம் வரவர, கார்டின் அடியில் மெல்லிய தங்க நிறக் கோடு ஒன்று அகலமாகிக்கொண்டே போனது. அந்தத் தங்கப் பற்கள் முழுவதும் ஸ்லாட்டுக்குள் மறைந்திருக்க வேண்டும்.

காரணம், கார்டோடு வரும் இரும்புத் தகடு. அதன் கீழ்நுனி, மதர்போர்டுக்கும் கேபினட் சுவருக்கும் நடுவில் இருக்கும் சிறு சந்தில் இறங்க வேண்டும். இவன் மெஷினில் நுனி சந்துக்குள் போகாமல் கேபினட் இரும்பின்மேல் இடித்து நின்றது. அதன்மேலேயே ஸ்க்ரூவை முறுக்கிவிட்டான், கார்டு சாய்ந்தே நின்றுவிட்டது.

ஸ்க்ரூவைக் கழற்றி, கொக்கியை விலக்கி, கார்டை நேராக மேலே தூக்கினோம். பிறகு தகட்டின் நுனியை முதலில் சந்தில் இறக்கி, இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு முனைகளையும் சமமாக அழுத்தினோம். தங்கக் கோடு மறைந்ததைப் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ. ஆன் செய்ததும் படம் வந்தது. "அம்மா, வந்துடுச்சு!" என்று அவன் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

நீங்கள் வாங்கியது செகண்ட்ஹேண்ட் கார்டாக இருந்தால், மாட்டும் முன் தங்கப் பற்களை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூளை ஊதிவிடுங்கள். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக் காற்றில் கிடந்த கார்டுகளுக்கு இது அவசியம்.

6. கார்டுக்குப் போகும் பவர் கேபிள்

ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்படும் கார்டில் தனி கேபிள் சொருகியே ஆக வேண்டும். ஒரு 8 பின் கேபிள் 150 வாட் தரும். அது 6-உம் 2-உமாகப் பிரிந்து வருவதால், அந்த இரண்டு பின் துண்டு நழுவி வெளியே நிற்கிறதா என்று பாருங்கள். பிராசசருக்கான 4+4 கேபிளும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் உள் இணைப்பு வேறு. ஏறவில்லை என்றால் வம்பாக அழுத்தாதீர்கள். வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிளைக் கடன் வாங்கியும் போடாதீர்கள், கார்டு எரிந்துவிடக்கூடும். புது 16 பின் கேபிள் என்றால் இடைவெளியே தெரியாத அளவுக்கு ஏற வேண்டும். 2022-இல் ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற கார்டு வந்தபோது, முழுதாக ஏறாத கேபிள் முனைகள் உருகிய படங்கள் நிறையப் பரவின.

7. படம் வந்து, பிறகு கெட்டால்

விண்டோஸ் வந்த பிறகு திரை போகிறது, அல்லது டிவைஸ் மேனேஜரில் 'கோடு 43' என்ற பிழை எண்ணைக் காட்டுகிறது என்றால் முதலில் டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளைப் பாருங்கள். விண்டோஸை அடிப்படை வசதிகளோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் போய் டி.டி.யு. என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு, கார்டு சிப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். கேம் ஆடும்போது கரண்ட் போன மாதிரி மெஷினே அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் வரும் முன் தெரியும் பயாஸ் திரையிலேயே கலர் கட்டங்களும் கோடுகளும் சிதறினால், கேபிளையும் மாற்றிப் பார்த்து அப்படியே இருந்தால், அது பெரும்பாலும் கார்டின் மெமரிதான்.

8. கடைசியாக, வேறு மெஷின்

கார்டை நண்பர் ஒருவரின் மெஷினில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் படம் வரவில்லை என்றால்தான் வாரண்டிக்குப் போக வேண்டும். வந்த கவரிலேயே, வந்த பெட்டியிலேயே வைத்து, பில்லோடு எடுத்துப் போங்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், புறப்படும் முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் குலுக்கிக்கொண்டு போக வேண்டாம். விம்கோ நகர் மெட்ரோ நேராக கவர்ன்மென்ட் எஸ்டேட் போகிறது, இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடந்துபோகும் தூரம். கடைக்காரரிடம், "உங்க மெஷின்ல என் கண் முன்னாடி ஒரு தடவை மாட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள்.