கற்றாழை நாற்றுகளின் பெயரைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயர்ச்சீட்டில் இருப்பது ஓர் இனம், தொட்டியில் வளர்வது வேறோர் இனம் என்ற ஐயம், ஆப்பிரிக்கக் கற்றாழைகளை விதை போட்டு வளர்க்கும் எவருக்கும் ஒருநாள் எழும். அப்போது பலரும் செய்யும் முதல் தவறு, முற்றி வளர்ந்த செடியின் படத்தை அருகில் வைத்துக்கொண்டு ஓராண்டு நாற்றை அதனுடன் ஒப்பிடுவது. கற்றாழை நாற்றுகள் பெரும்பாலும் எந்த இனமாயினும் இலைகளை எதிரெதிராக இரண்டே வரிசையில், விசிறிபோல் விடுகின்றன. அவை சுற்றடுக்காக மாறுவது பிறகுதான்.

இந்த இளமைத் தோற்றத்தால் அதிகம் தவறாகச் சூட்டப்படும் பெயர் விசிறிக் கற்றாழை. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மலைகளில் வளரும் அந்தச் செடி, முதிர்ந்த பிறகும் இரண்டு வரிசை இலைகளையே வைத்திருக்கும். ஆகவே நாற்று விசிறியாக இருப்பது ஒன்றையே சான்றாகக் கொள்ளக் கூடாது. (அதன் சீட்டில் ‘அலோ பிளிகாட்டிலிஸ்’ என்று இருந்தால் அது பிழையன்று, பழைய அறிவியல் பெயர் (‘அலோ’ என்பது கற்றாழைப் பேரினம்). 2013 முதல் அது குமாரா பிளிகாட்டிலிஸ்.) இதற்கு நேர்மாறான இழப்பும் உண்டு. லெசோத்தோ மலைகளுக்கே உரிய அலோ பாலிஃபில்லா, வளர்ந்தபின் இலைகளைத் திருகுசுழலாக அடுக்கும். நாற்றில் அந்தச் சுழல் இருக்காது. சுழல் இல்லையே, விதை தந்தவர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ணி நல்ல நாற்றைப் பிடுங்கி எறிவது வருத்தத்துக்குரியது.

புள்ளிகளையும் முட்களையும் மட்டும் நம்புவது அடுத்த தவறு. நம் சோற்றுக்கற்றாழையின் இளஞ்செடியிலேயே வெண்புள்ளிகள் தோன்றி, வளர வளர மறைவதைப் பலர் கண்டிருப்பார்கள். அலோ ஃபெராக்ஸ், அலோ மார்லோதி ஆகிய இரண்டின் இளஞ்செடிகளுக்கும் இலைப்பரப்பின்மேல் முட்கள் இருப்பதால், முள்ளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஊகமே. பூங்கதிர்கள் ஃபெராக்ஸில் மெழுகுவர்த்திகள்போல் நிமிர்ந்தும், மார்லோதியில் ஏறக்குறையக் கிடைமட்டமாகச் சாய்ந்தும் நிற்கும். ஆனால் அதைக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வெயிலிலும் நீர்க்குறைவிலும் இலை சிவப்பது பெரும்பாலும் வளர்ப்புமுறையின் விளைவு என்பதால், நிறத்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தாய்ச்செடியின் பெயர் சரியென்றால் விதையின் பெயரும் சரி என்று நம்புவது. பெரும்பாலான கற்றாழைகள் தம் மகரந்தத்தால் விதை பிடிப்பதில்லை. ஒரே தோட்டத்தில் பல இனங்கள் சேர்ந்து பூத்தால் தேன்சிட்டும் தேனீயும் அவற்றைக் கலந்துவிடும். அலோ ஸ்ட்ரையாட்டாவின் இலையோரம் முள்ளின்றி வழுவழுப்பாக, இளஞ்சிவப்புக் கோடுபோல் இருக்கும். அப்பெயரில் விற்கப்படும் செடியின் ஓரத்தில் பற்கள் தெரிந்தால், அது அலோ மாக்குலாட்டா போன்ற புள்ளிக் கற்றாழையுடன் கலந்த வித்தாக இருக்க வாய்ப்பு மிகுதி.

எனவே ஒற்றை நாற்றைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரே விதைப்பில் முளைத்த அனைத்தையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் கலப்பு என்று ஐயுறலாம். ஒன்று மட்டும் தனித்து நின்றால், பக்கத்துச் செடியின் காய் வெடித்துக் காற்றில் வந்து விழுந்த விதையாக அது இருக்கக்கூடும். கற்றாழை விதைக்கு மெல்லிய சிறகு உண்டு.

ஐயம் வந்தவுடன் பழைய சீட்டை எறிந்துவிட்டுப் புதிய பெயரை உறுதியாக எழுதிவிடுவதையும் தவிர்க்க வேண்டும். விதை வந்த இடம், விதைத்த நாள் ஆகிய தடயங்கள் அந்தப் பழைய சீட்டில்தான் இருக்கின்றன. அதை அப்படியே விட்டு, மற்றொரு சீட்டில் ‘ஸ்ட்ரையாட்டா என வந்தது, ஓரத்தில் பற்கள் உள்ளன’ என்று கண்டதை மட்டும், வெயிலில் வெளுக்காத பென்சிலால் எழுதிச் செருகி, முதல் பூ வரும்வரை இரண்டையும் தொட்டியிலேயே வைத்திருங்கள்.