யாழ்ப்பாணப் பேச்சுவழக்கைக் கணினிகொண்டு ஆராயத் தொடங்குவோருக்கு

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் பேச்சறிதல் மென்பொருள் பிழைவிடும் இடங்களைத் திருத்திவிட்டுக் கடந்துபோகாமல் எண்ணிப் பார்த்தால், எம் வழக்கு எழுத்துத் தமிழிலிருந்து எங்கே விலகி நிற்கிறது என்பதை அப்பிழைகளே காட்டித்தரும்.

முதலில் பதிவு. வடமராட்சி, தென்மராட்சி, வலிகாமம், தீவகம் ஆகிய ஒவ்வொரு பகுதியிலிருந்தும் மூத்தவர் ஒருவரையும் இளையவர் ஒருவரையும் அவர்களின் சம்மதத்தோடு கதைக்க வைத்துப் பதிவுசெய்யுங்கள். விறாந்தையில் காற்று இரையும், உள்ளறையே நல்லது. நொடிக்கு 16,000 மாதிரிகள் கொண்ட ஒற்றைத்தட வேவ் கோப்பு போதும்.

அடுத்து, ஈலான் என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து, கேட்டதைக் கேட்டபடியே எழுதுங்கள். பொறுமை வேண்டிய படி இதுதான். ‘என்ரை’ என்று காதில் விழுந்ததைக் கை தன்னையறியாமல் ‘என்னுடைய’ என்று எழுதிவிடும். அப்படி எழுதினால் ஆய்வே அங்கு முடிந்துவிடும்.

பின்னர் அதே பதிவை விஸ்பர் என்ற பேச்சறிதல் மென்பொருளுக்குக் கொடுங்கள். 2022இல் வெளியான இந்தத் திறந்த மென்பொருள் 6,80,000 மணிநேர ஒலியில் பயின்றது, தமிழையும் எழுதும்.

இனி ஒப்பீடு. ‘உவன் ஏன் உங்கை நிக்கிறான்?’ என்பதை ஒரு கருவி ‘இவன் ஏன் இங்க நிக்கிறான்?’ என்று எழுதுவதாகக் கொள்வோம். மாறிய, விடுபட்ட, மிகையான சொற்களைக் கூட்டி, நீங்கள் எழுதிய படியின் சொற்றொகையால் வகுத்தால் சொற்பிழை வீதம் வரும். இங்கே நான்கில் இரண்டு, அதாவது 50%. அந்த இரண்டுமே, கேட்பவருக்கு அருகில் இருப்பதைச் சுட்டும் உகரச் சுட்டு என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆனால் நீங்கள் ‘ரிக்கற்’ என்றும் கருவி ‘டிக்கெட்’ என்றும் எழுதியிருந்தால் அது எழுத்துமரபின் வேறுபாடாகவும் இருக்கலாம் என்பதால், எண்ணுமுன் இரண்டையும் ஒரே எழுத்துமுறைக்கு மாற்றிவிடுங்கள்.

ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டை அளக்க, நீங்கள் கையால் எழுதிய படிகளையே எடுத்து, ஒரே சொல்லின் இரு வடிவங்களுக்கிடையே எத்தனை ஒலிகளை மாற்றவோ சேர்க்கவோ நீக்கவோ வேண்டியுள்ளது என்று எண்ணுங்கள். இதுவே லெவன்ஸ்டைன் தொலைவு. எழுத்தை ஒலிகளாகப் பிரித்த பின்னரே எண்ண வேண்டும்.

கடைசியாக, பிழையின்றி வந்த வரிகளையும் பதிவுக்குரியவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ‘மாமி என்னைப் பேசினவ’ என்பதைக் கருவி எழுத்துப் பிசகாமல் எழுதலாம். ஆனால் எம் வழக்கில் அதற்கு மாமி ஏசினார் என்று பொருள் என்பது அந்த எழுத்தில் இராது.