விமானி திறனறித் தேர்வு: சிபிஎஸ்எஸ்-க்குத் தயாராவது எப்படி?

இந்திய விமானப்படையின் எழுத்துத் தேர்வில் தவறினால் மறுபடி எழுதலாம். தேர்வு வாரியத்தின் நேர்முகத்தில் திருப்பி அனுப்பப்பட்டாலும் மறுபடி போகலாம். ஆனால், பறக்கும் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு வைக்கப்படும் சிபிஎஸ்எஸ் (கம்ப்யூட்டரைஸ்டு பைலட் செலக்‌ஷன் சிஸ்டம்) என்ற கணினித் தேர்வு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதில் தவறியவர் பிற பிரிவுகளுக்கு முயலலாம். படைவிமானத்தின் விமானி இருக்கை அத்தோடு கைவிட்டுப் போகிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்து அந்த வாசல் வரை வந்த பிள்ளை, உயரமானியின் மூன்று முட்களில் எது எதைக் காட்டுகிறது என்று தெரியாமல் உள்ளே போகக்கூடாது. அதற்காகவே இந்த விளக்கம்.

முன்பு பிஏபிடி (பைலட் ஆப்டிட்யூட் பேட்டரி டெஸ்ட்) என்ற பெயரில் நடந்த தேர்வின் இடத்துக்கு வந்தது சிபிஎஸ்எஸ். இதை வடிவமைத்தவை நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகங்கள். மூல எண்ணம் அப்துல் கலாமுடையது. இளம் பொறியாளராக விமானப்படையில் சேர டேராடூனுக்குப் போன கலாம், 25 பேரில் 9-ஆவதாக வந்தார். எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 8 பேர். பறக்கும் வாய்ப்பை ஓர் இடத்தில் இழந்தவரின் எண்ணத்திலிருந்து, பறக்கப் போகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை பிறந்திருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

படி 1: முதலில் உடலை அளந்துகொள்ளுங்கள்

பறக்கும் பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. உட்கார்ந்த நிலை உயரம் 81.5 முதல் 96 செ.மீ. வரை, கால் நீளம் 99 முதல் 120 செ.மீ. வரை இருக்கவேண்டும். தொடை நீளம் 64 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. சுவரில் முதுகு ஒட்ட உட்கார்ந்து, வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். கால் குட்டையானால் பெடல் எட்டாது. தொடை நீண்டால், அவசரத்தில் இருக்கை விமானத்திலிருந்து வெளியே எறியப்படும்போது முழங்கால் கருவிப் பலகையில் மோதும். பார்வை விதிகளும் கடுமையானவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை வரிவரியாகப் படித்து, சந்தேகம் இருந்தால் கண் மருத்துவரிடம் இப்போதே போய்வாருங்கள்.

படி 2: ஆறு கருவிகளைப் படிக்கப் பழகுங்கள்

தயாரிப்பின் பாதி இதுதான் என்பேன். வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி, திருப்பம் காட்டி, திசைகாட்டி, ஏற்ற இறக்க வேகமானி. இந்த ஆறையும் ஒரு தாளில் கையால் வரையுங்கள். அச்சிட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட வரைவது நன்றாக மனதில் நிற்கும்.

உயரமானியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். நீண்ட முள் நூறு அடிகளையும், குட்டை முள் ஆயிரம் அடிகளையும், மிகச் சிறிய முள் பத்தாயிரம் அடிகளையும் காட்டும். படிக்கும்போது பெரிய மதிப்பிலிருந்து தொடங்குங்கள். பத்தாயிர முள் 1-ஐத் தாண்டியிருக்கிறது, ஆயிர முள் 4-க்கும் 5-க்கும் நடுவில், நூறு முள் 6-இல் என்றால் உயரம் 14,600 அடி. கண்ணில் முதலில் படும் நீண்ட முள்ளிலிருந்து தொடங்கினால் பத்தாயிரத்தை விட்டுவிடுவீர்கள். இது மாணவர்கள் மட்டும் செய்யும் பிழையன்று. 1958 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் அருகே ஒரு பிரிட்டானியா விமானம் விழுந்து நொறுங்கியதற்குக் காரணம், அனுபவமிக்க விமானிகளே உயரத்தைப் பத்தாயிரம் அடி கூட்டிப் படித்ததுதான்.

ஏற்ற இறக்க வேகமானியின் சுழி இடப்பக்கம் இருக்கும். முள் அதற்கு மேலே போனால் விமானம் ஏறுகிறது, கீழே வந்தால் இறங்குகிறது. திசைகாட்டி வடக்கிலிருந்து வலச்சுற்றாக டிகிரியில் எண்ணும்; அதில் கடைசிச் சுழியை எழுதமாட்டார்கள்: 3 என்றால் 30 டிகிரி, 33 என்றால் 330. வேகமானி நாட் கணக்கில் காட்டும்; ஒரு நாட் மணிக்கு 1.852 கி.மீ.

படி 3: கருவியைப் பார்த்து விமானத்தை மனதில் திருப்புங்கள்

அடிவானக் கருவியையும் திசைகாட்டியையும் காட்டி, அந்த நிலையில் உள்ள விமானப் படம் எது என்று கேட்பது இவ்வகைத் தேர்வுகளின் பழைய வழக்கம். இதற்கு இரண்டு விதிகள் போதும்.

நீலம் வானம், பழுப்பு நிலம். அடிவானக் கோடு நடுவிலுள்ள குட்டி விமானத்துக்குக் கீழே போனால் மூக்கு மேல்நோக்கி இருக்கிறது. மேலே போனால் மூக்கு கீழ்நோக்கி இருக்கிறது. கோட்டின் இடது முனை உயர்ந்து வலது முனை தாழ்ந்தால் விமானம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கோடு வலப்பக்கம் சரிவதைப் பார்த்து, விமானமும் வலப்பக்கம் சாய்கிறது என்று சொல்லத் தோன்றும். அசைவது கோடு, குட்டி விமானம் அசையாது. எந்தப் பக்கம் நிலம் அதிகம் தெரிகிறதோ அந்தப் பக்கத்து இறக்கைதான் தாழ்ந்திருக்கிறது.

அட்டையில் ஒரு சிறு விமானம் வெட்டிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு நோக்கி உட்கார்ந்து, நண்பர் ஒருவரை “திசை 90, மூக்கு கீழே, இடச் சாய்வு” என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த நிலையில் விமானத்தைப் பிடியுங்கள். சில நாட்களில் அட்டை தேவைப்படாது. பிறகு நேரம் குறித்துப் பயிற்சி செய்யுங்கள். தேர்வில் மெதுவாகச் சரியாகச் சொல்வது போதாது.

படி 4: கையும் காலும்

திரையில் நகரும் புள்ளியை ஜாய்ஸ்டிக்காலும் பெடல்களாலும் நடுவில் நிறுத்தவேண்டும். இடையிடையே வரும் ஒளிக்கோ ஒலிக்கோ பதிலும் தரவேண்டும். பார்க்க எளிது. புதிதாகச் செய்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மாதிரி தவறுகிறார்கள்: புள்ளி விலகியதும் ஜாய்ஸ்டிக்கை முழுதாகத் தள்ளுவார்கள், அது எதிர்ப்பக்கம் பாயும், மீண்டும் இழுப்பார்கள், ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். முஷ்டியால் பிடிக்காதீர்கள், விரல்நுனிகளால் பிடியுங்கள். சிறிதாகத் திருத்திவிட்டு, புள்ளி அதற்கு என்ன செய்கிறது என்று பார்த்து அடுத்த திருத்தத்தைக் கொடுங்கள்.

கால்களுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். சைக்கிளில் வலது கைப்பிடியை முன்னே தள்ளினால் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பும். விமானத்தில் இதற்கு நேர்மாறு: வலது பெடலை அழுத்தினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். ஃபிளைட்கியர் என்ற பறத்தல் மென்பொருள் இலவசம். அதில் சிறிய விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரே உயரம், ஒரே திசையில் பத்து நிமிடம் நேராகப் பறக்க முயலுங்கள். சாகசம் வேண்டாம். மலிவான ஜாய்ஸ்டிக்கே போதும். பெடல் வாங்க முடியாவிட்டாலும் பாதகமில்லை.

தேர்வுக் கேள்விகளை அப்படியே தருவதாகச் சொல்லும் கட்டணப் பயிற்சிகளில் பணம் போடாதீர்கள். மனப்பாடம் செய்த விடை ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் கைக்கு உதவாது.

படி 5: மனக்கணக்கும் பிரிந்த கவனமும்

நாட் வேகத்தை 60-ஆல் வகுத்தால் ஒரு நிமிடத்தில் போகும் கடல் மைல் (ஒன்று 1.852 கி.மீ.) கிடைக்கும்: 120 நாட் என்றால் 2, 480 நாட் என்றால் 8. எதிர்த்திசை காண, 180-க்குக் குறைந்த எண்ணோடு 200 கூட்டி 20 கழியுங்கள்; 180-க்கு மேற்பட்டால் 200 கழித்து 20 கூட்டுங்கள். 70-க்கு எதிர் 250, 310-க்கு எதிர் 130. இவற்றைத் தனியாகப் பழகிய பிறகு, ஃபிளைட்கியரில் பறந்துகொண்டே வீட்டிலுள்ள ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். விடை சொல்லும் நொடியில் உயரம் எவ்வளவு குலைகிறது என்று பாருங்கள். அந்தக் குலைவு குறைவதுதான் முன்னேற்றம்.

படி 6: தேர்வு நாள்

முந்தைய இரவு தூங்குங்கள். அன்று புதிதாக எதையும் படிக்கவேண்டாம். தேர்வுக்கு முன் அதிகாரி ஒவ்வொரு கருவியையும், ஒவ்வொரு பகுதியின் விதிமுறையையும் விளக்குவார். இதெல்லாம் தெரிந்ததுதானே என்று காதை மூடிக்கொள்ளாதீர்கள். ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் புள்ளி எந்தப் பக்கம் போகும் என்பது உங்கள் வீட்டு மென்பொருளில் ஒரு மாதிரியும் அங்கே வேறு மாதிரியும் இருக்கலாம். புரியாத எதையும் அப்போதே கையை உயர்த்திக் கேளுங்கள். கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு கேட்க இடமிருக்காது.